வளைவில் நிற்கும் எஞ்சின்: திரொட்டில் பொடியைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும் பாடம்



லயத்து வாசலில் ஓட்டோவும் பழைய காரும் வேனும் நிற்பது இன்று புதினமல்ல. பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்து அனுப்பிய காசில், அல்லது லீசிங் போட்டு, ஒரு வாகனம் எடுத்து ஹயர் ஓடிப் பிழைக்கும் குடும்பங்கள் பல தோட்டங்களில் உண்டு. பகலில் அது ஹயர் வண்டி. நடுராத்திரியில் லயத்தில் ஒருவருக்கு முடியாமல் போனால் அதுவே ஆஸ்பத்திரி வண்டி. ஆகவே அதன் எஞ்சின் இடைவழியில் நிற்காமல் பார்த்துக்கொள்வது வண்டிக்காரரின் சொந்தக் காரியம் மட்டுமல்ல.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாத மழை இரவு. பக்கத்து லயத்துத் தம்பி ஒருவர் கொரோலா 110 கார் வைத்திருந்தார். அவருடைய அண்ணிக்குப் பதினொரு மணிக்கு வலி கண்டது. அண்ணியும் அவர் தாயாரும் பின் சீட்டில், நான் முன் சீட்டில். தோட்டப் பாதையைத் தாண்டி மெயின் ரோட்டு இறக்கத்துக்கு வந்ததும் தம்பி வழக்கம்போல கியரை நியூட்ரலில் தள்ளினார். பெற்றோல் மிச்சமாம்! இரண்டு வளைவு தாண்டியது. மூன்றாவது வளைவுக்கு முன் எஞ்சின் சத்தமே இல்லாமல் நின்றுவிட்டது. லைட் எரிகிறது, துடைப்பான் ஓடுகிறது, கார் மட்டும் தன் பாட்டில் உருள்கிறது.

“அண்ணே, பிரேக்கு கல்லு மாதிரி இருக்குண்ணே! ஸ்டியரிங்கும் திரும்ப மாட்டேங்குது!”

“செக்கன் கியரைப் போடு, கிளச்சை விடு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழு” என்று கத்தினேன். கார் குலுங்கி வேகம் குறைந்து, மலைப்பக்கத்து மண்திட்டில் உராய்ந்துகொண்டு நின்றது. மறுபக்கம் தேயிலைச் சரிவு. திரும்ப ஸ்டார்ட் செய்து, கியரிலேயே இறங்கிப் போய்ச் சேர்ந்தோம். விடியுமுன் ஆண்பிள்ளை பிறந்தான். இப்போது பாடசாலைக்குப் போகிறான்.

மறுநாள் மதியம் பொனட்டைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. உடைந்த பொருள் ஒன்றுமில்லை. ஒரு அலுமினியக் குழாயின் உள்விளிம்பில் நகத்தின் கனம்கூட இல்லாத கரிப்படை. அவ்வளவுதான்.

அந்தக் குழாயின் பெயர்தான் திரொட்டில் பொடி. பொடி என்றதும் மூக்குப்பொடியை நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் உடம்பைச் சொல்வார்கள். எயார் கிளீனர் பெட்டியிலிருந்து ஒரு தடித்த கறுப்பு ரப்பர் குழாய் எஞ்சினை நோக்கிப் போகிறதல்லவா, அது போய் முடியும் இடத்தில் இது இருக்கும். குழாயின் நடுவே ஒரு வட்டத் தகடு. எக்ஸிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்துத் தகடு திறக்கும், காற்று உள்ளே போகும். காலை எடுத்தால் ஸ்பிரிங் தகட்டை மூடிவிடும். மூடினாலும் முழுக்க அடைபடாது. தகட்டைச் சுற்றி மயிரிழை போல ஒரு இடைவெளி இருக்கும். அதோடு பக்கத்தில் ஒரு சிறு துவாரத்தின் வழியாகக் கணினி கட்டுப்படுத்தும் ஐட்லிங் வால்வு கொஞ்சம் காற்று விடும். கால் வைக்காமல் எஞ்சின் ஓடுவதை ஐட்லிங் என்கிறோம் அல்லவா, அந்த நேரத்தில் எஞ்சின் மூச்சு விடுவது இந்த இரண்டு வழியாலும்தான்.

எஞ்சினுக்குள் எழும் ஒயில் ஆவி ஹோஸ் வழியாக இந்தக் காற்றுப் பாதைக்குத் திரும்பி வருகிறது. வண்டியை நிறுத்திய பிறகு சூட்டோடு அந்த ஆவி தகட்டின் விளிம்பில் படியும். அதில் தூசி ஒட்டும், காயும், மறுபடி படியும். நம்ம பீலியின் வாயில் பாசி பிடித்தால் தண்ணீர் எப்படிச் சுருங்கிப் போகிறதோ அதுபோலக் காற்று சுருங்குகிறது. முதலில் கணினி அந்த வால்வை அதிகமாகத் திறந்து ஈடு செய்யும், ஆகவே உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வால்வு திறக்கக்கூடிய மட்டும் திறந்தான பின்னும் காற்று போதாமல் போகும் நாளில் எஞ்சின் நிற்கும்.

மலைநாட்டில் இந்த வியாதி முந்தி வெளியே தெரியும். நுவரெலியா ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 80 சதவீதம் அளவுதான். அதே இடைவெளி வழியாகப் போகும் காற்றும் அந்த அளவுக்குக் குறைகிறது. கொழும்பில் ஒழுங்காக நின்று ஓடிய வண்டி மேலே வந்ததும் நடுங்கினால் “மேட்டுக் காத்து ஒத்துக்கலை” என்று விட்டுவிடாதீர்கள். திரொட்டில் பொடியை ஒருமுறை பாருங்கள்.

பிரேக் ஏன் கல்லானது? பிரேக் மிதியை இலேசாக்கும் பூஸ்டர் எஞ்சினின் உறிஞ்சும் சக்தியில் வேலை செய்கிறது. எஞ்சின் நின்றால் பூஸ்டருக்குள் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன்பின் வெறும் கால்பலம்தான். எஞ்சின் பலத்தில் திரும்பும் ஸ்டியரிங்கும் அப்படியே கனத்துவிடும். எனவே இறக்கத்தில் நியூட்ரல் போடுவது அழுக்கான திரொட்டிலோடு விளையாடுவதாகும், ஏனென்றால் எஞ்சினை ஐட்லிங்குக்குக் கொண்டுபோவது நீங்களேதான். கியரில் இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசை நாட்களில் நம்மில் பலருக்கு இந்த நியூட்ரல் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதில் இலாபமும் இல்லை. பெற்றோலைக் கணினி தெளிக்கும் வகை எஞ்சினில், கியரில் கால் எடுத்து இறங்கும்போது கணினி பெற்றோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்குப் பெற்றோல் செலவாகும்!

இனி வேலைக்கு வருவோம். இங்கே சொல்லும் முறை கொரோலா 110 போன்ற, எக்ஸிலேட்டர் கேபிள் உள்ள கார்களுக்கானது. கேபிள் இல்லாமல் மோட்டாரால் தகடு திறக்கும் புதிய வாகனங்களில் தகட்டை விரலால் தள்ளக்கூடாது, உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் உடையலாம். சுத்தம் செய்த பிறகு ஸ்கேனர் போட்டு ஐட்லிங்கைத் திரும்பப் பழக்கவும் வேண்டியிருக்கும். அவற்றை ஸ்கேனர் உள்ள கராஜுக்கே கொண்டுபோங்கள்.

கழற்றுமுன் இந்த வியாதிதானா என்று பாருங்கள். சூடேறிய எஞ்சின் சிக்னலிலும் வளைவிலும் கால் எடுத்ததும் நிற்கப் பார்க்கிறது, எக்ஸிலேட்டரை இலேசாகத் தொட்டால் சீராகிவிடுகிறது என்றால் சந்தேகம் இங்கேதான். மாறாக ஐட்லிங் கூடிக்கூடிக் குறைந்து ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டால் எங்கோ ஹோஸ் வெடித்துக் காற்றுப் புகுகிறது, அது வேறு விடயம். ஏறும்போது இழுவை இல்லை என்றால் பிளக், பில்டர், பெற்றோல் பம்ப் என்று தேட வேண்டும். சந்தேகம் தீர, எஞ்சினை நிறுத்தி ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். ஒருவர் எக்ஸிலேட்டரை மிதித்துப் பிடிக்க, மற்றவர் வெள்ளைத் துணியால் தகட்டின் உள்பக்க விளிம்பைத் துடைத்துப் பார்க்கட்டும். துணி கறுத்து வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

தேவையானவை: 10, 12 இலக்க ஸ்பெனரும் சொக்கட்டும், ஸ்டார் ஸ்குறூ டிரைவர், குறடு, திரொட்டில் பொடிக்கென்றே விற்கும் கிளீனர் ஸ்பிரே ஒரு டின், மெல்லிய பழைய பல்துலக்கி, நூல் உதிராத பழைய பருத்தித் துணி, புதிய கெஸ்கட், கொஞ்சம் கூலண்ட், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. நட், போல்ட் போட ஒரு ஐஸ்கிரீம் டப்பா. கெஸ்கட்டை வேலைக்கு முன்பே வாங்கி வையுங்கள். பழையது கிழிந்த பிறகு கடைக்கு ஓட வண்டி இருக்காது.

இடமும் முக்கியம். ஸ்பிரே தீப்பிடிக்கும் பொருள். லயத்துக் குசினிப் பக்கம், அடுப்பு எரியும் இடம், பீடி சிகரட் எதுவும் கிட்ட வரக்கூடாது. காற்றோட்டமான வெளியில், மட்டமான நிலத்தில், சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் வேலை செய்வதே நல்லது.

முதலில் பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அடுத்து, எதையும் தொடுமுன் போனில் நாலு பக்கத்தாலும் படம் எடுத்துவிடுங்கள். நாங்கள் வேலை பழகிய காலத்தில் கடதாசியில் கீறி வைப்போம், கீறியது ஒயில் பட்டு அழிந்துபோகும்! சிறு ஹோஸ் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி இலக்கம் எழுதினால் இன்னும் நல்லது.

ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்திக் குழாயை அகற்றுங்கள். திரொட்டில் பொடியில் இரண்டு வயர் கனெக்டர் இருக்கும். ஒன்று தகட்டின் தண்டு முனையில் உள்ள சென்சருக்கு, மற்றது அடியில் உள்ள ஐட்லிங் வால்வுக்கு. கனெக்டரின் பூட்டை அமுக்கி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் வயர்தான் கையோடு வரும். பிறகு லீவரைக் கையால் முழுக்கத் திறந்து, கேபிள் தளர்ந்ததும் அதன் முனைக் குண்டைக் காடியிலிருந்து பக்கவாட்டில் வெளியே எடுங்கள்.

இப்போது கூலண்ட் ஹோஸ் இரண்டு. திரொட்டில் பொடிக்குள்ளும் எஞ்சின் தண்ணீர் ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை ஒருமுறை திறந்து மூடி அழுத்தத்தை விடுங்கள். ஹோஸைக் கழற்றியதும் அதன் வாயில் பொருத்தமான போல்ட் ஒன்றைச் செருகினால் அதிகம் சிந்தாது. சிந்துவதை ஏனத்தில் பிடியுங்கள். கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். பிள்ளைகளும் நாயும் பக்கத்தில் வராமல் பார்த்து, சிந்திய இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கடைசியில் பொடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்டும் இரண்டு நட்டும். நாலையும் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராகத் தளர்த்துங்கள். ஒட்டிக்கொண்டால் ஸ்குறூ டிரைவரை இடையில் விட்டு நெம்பக்கூடாது, அலுமினிய முகம் கீறிவிடும். மரக்கட்டையால் பக்கத்தில் இலேசாகத் தட்டினால் வந்துவிடும். பொடி கையில் வந்த உடனே எஞ்சின் பக்கத்து ஓட்டையில் சுத்தமான துணியை அடையுங்கள். அந்தத் துணியில் ஒரு நூலைக் கட்டி வெளியே தொங்கவிடுங்கள். ஒரு நட் உள்ளே விழுந்தால் எஞ்சினையே திறக்க நேரிடும். துணியை மறந்துபோய்ப் பூட்டியவர்களும் இருக்கிறார்கள், நூல் அதற்காகத்தான்.

கழுவும் வேலையில் அவசரம் வேண்டாம். ஸ்பிரேயைப் பொடிமீது மழைபோல அடித்து ஊற வைக்கக்கூடாது, சென்சருக்குள்ளும் தண்டின் சீலுக்குள்ளும் போய்விடும். சென்சர் மேலே இருக்கும்படி சாய்த்துப் பிடித்து, துணியிலும் பல்துலக்கியிலும் அடித்துத் துடையுங்கள். முன்பக்கம் கொஞ்சம்தான் இருக்கும். தகட்டின் பின்பக்கமும், மூடிய தகடு குழாயில் வந்து தொடும் வட்டமும்தான் அழுக்கின் வீடு. தகட்டைக் கையால் திறந்து பிடித்து அந்த வட்டத்தை முழுக்கத் துடைக்க வேண்டும். ஐட்லிங் காற்றுத் துவாரத்தின் வாயையும் துடைத்து, அங்கே மட்டும் சிறிது ஸ்பிரே விட்டு வெளியே வழியவிடலாம். பின் தகட்டை மூடி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஒளி சுற்றிவர ஒரே மெல்லிய கோடாகத் தெரிந்தால் போதும். ஒரு பக்கம் மறைந்தால் அங்கே இன்னும் கரி இருக்கிறது.

மணல் கடதாசி, கம்பி பிரஷ், பிளேட் எதுவும் கூடாது. சில பொடிகளின் உள்ளே தகட்டோரம் மெல்லிய கறுப்புப் பூச்சு கம்பனியே பூசியிருக்கும். அது அழுக்கல்ல. துணியில் கரைந்து வருவது அழுக்கு, வராதது பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோலால் கழுவுவது நம்மிடம் பழைய பழக்கம். அதன் ஆவி தீப்பிடிக்கும், விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் ஒரு பிசுக்கை விட்டுப் போகும், புதுத் தூசி அதில் நன்றாக ஒட்டும்.

தண்டு முனையில் உள்ள சென்சரின் ஸ்குறூவைத் தொடவே வேண்டாம். அது இருக்கும் கோணத்தை மீற்றர் வைத்துத்தான் சரிசெய்ய முடியும். லீவர் வந்து முட்டும் ஒரு சிறு திருகும் உண்டு. அதையும் தொடாதீர்கள். தம்பியின் காருக்கு நடந்தது அதுதான். ஒரு மாதம் முன்பே ஐட்லிங் குறைகிறது என்று டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே பொடியைத் திறக்கவே இல்லை. அந்தத் திருகை ஒரு சுற்றுத் திருப்பித் தகட்டைச் சற்றுத் தூக்கி வைத்துக் காசை வாங்கிவிட்டார்கள். காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் பனடோல் கொடுத்த மாதிரி. வண்டி சீராக ஓடியது, அழுக்கும் சீராக வளர்ந்தது. தகடு முழுக்க மூடாவிட்டால், கால் எடுத்துவிட்டார் என்பதே கணினிக்குத் தெரியாமல் போகும். ஐட்லிங்கைச் சரியாகப் பிடிக்கவும் அதனால் முடியாது. நல்லவேளை, திருகில் கம்பனி வைத்த மை அடையாளம் பாதி மிச்சமிருந்தது. அந்த அளவுக்கே திருப்பி வைத்தோம். பிறகு வயரிங் பாஸ் ஒருவரிடம் சென்சரையும் மீற்றர் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

பூட்டுவது கழற்றியதற்கு எதிர் வரிசை. இரண்டு முகத்திலும் பழைய கெஸ்கட் துணுக்கைத் துடைத்து, அடைத்த துணியை எடுத்து, புதிய கெஸ்கட்டைப் பழையது இருந்த பக்கமாகவே வையுங்கள். சிலிக்கன் பசை பூசாதீர்கள். நாலு நட் போல்டையும் முதலில் கையால் சுற்றி, பிறகு எதிரெதிராக, கட்டை ஸ்பெனரால் மணிக்கட்டுப் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். அலுமினியத்தில் மரை போனால் செலவு வேறு. கூலண்ட் ஹோஸ், சிறு ஹோஸ், கனெக்டர், கேபிள், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் போனில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யுமுன் ஒரு சோதனை கட்டாயம். ஒருவர் எக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துச் சட்டென விடட்டும். மற்றவர் லீவரைப் பார்க்கட்டும். முழுக்கத் திறந்து, விட்டதும் ‘டக்’ என்று முழுக்க மூட வேண்டும். இழுபட்டாலோ பாதியில் நின்றாலோ ஸ்டார்ட் செய்யக்கூடாது. கால்மிதியின் விரிப்பு பெடலில் சிக்குகிறதா என்றும் பாருங்கள். மூடாத திரொட்டில், நிற்கும் எஞ்சினைவிட ஆபத்து.

பெட்டரியைப் பூட்டி, ரேடியேட்டரில் குறைந்த கூலண்டை ஊற்றி, லைட், ஏ.சி. எல்லாம் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் தடவை கொஞ்சம் கூட நேரம் சுற்றலாம், மிச்ச ஸ்பிரே எரிந்து புகை வரலாம். பெட்டரி கழற்றியதால் கணினி தான் பழகியதை மறந்திருக்கும். ஐட்லிங் சிறிது நேரம் ஏறி இறங்கும். ரேடியேட்டர் பேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை காலை வைக்காமல் ஓடவிடுங்கள். அதற்குள் ஹோஸில் கசிவு, காற்றுச் சத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹெட்லைட்டைப் போடுங்கள். சற்றுக் குறைந்து உடனே நிமிர வேண்டும். முதல் ஓட்டம் மட்டமான பாதையில், ஆள் ஏற்றாமல். இறக்கத்தில் சோதித்துப் பார்க்கும் வேலை வேண்டாம்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்பீர்கள். நான் கணக்கு வைப்பதில்லை. எயார் பில்டர் மாற்றும்போதெல்லாம் வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு. சுத்தம் செய்த சில வாரத்திலேயே ஒயில் ஈரமாகக் கறுத்தால் எஞ்சினின் ஆவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், உள்ளே ‘டக் டக்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அது அடைத்திருக்கிறது, மாற்றுங்கள். சத்தம் வந்தும் ஒயில் குறையவில்லையென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

மறுநாள் விடியற்காலைக் குளிரில் ஒரு கடைசிப் பார்வை இருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் கூடிய வேகத்தில் ஓடத் தொடங்கி, சூடேற ஏற மெல்ல இறங்க வேண்டும். சூடேறியும் இறங்காவிட்டால் கேபிள் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேபிளில் விரலளவு தளர்வு இருந்தும் இறங்கவில்லையென்றால் கூலண்ட் ஹோஸில் காற்று அடைபட்டிருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குறைந்ததை ஊற்றி, மறுபடி சூடாக்குங்கள்.